எர்த் குழிக்கு ஒரு குடம்

எங்கள் தெருவுக்கு வந்து கொளஞ்சியம்மாள் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அம்மனை விரட்டினவள் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். அவள் காதுபடவே அப்படித்தான் சொல்வார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பாள், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நான் அடுத்த வீட்டு ராசாத்தி, பால்வாடி டீச்சராக இருந்தவள். நடந்ததைக் கண்ணால் பார்த்தேன், மீதியை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். தெருக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கொளஞ்சியம்மாள் பிறந்தது ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர். நடக்கப் பழகியதும் கொட்டை பொறுக்கினாள், கொஞ்சம் வளர்ந்ததும் வறுத்த கொட்டையை உடைக்க உட்கார்ந்துவிட்டாள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு உள்ளங்கை வெந்து, உரிந்து, மறுபடி தோல் மூடி, கடைசியில் செருப்புத் தோல்போலத் தடித்துப்போனது. கொதிக்கிற சட்டியைத் துணி பிடிக்காமல் இறக்கி வைப்பாள். கையில் முள் ஏறினால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். இந்தக் கையைப் பற்றிப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளைக் கட்டிக்கொண்டவர் எங்கள் காலனி வைத்திலிங்கம். செந்துறையிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஊர்த்தெருக்காரர்களின் வயலில் கூலிக்குக் கிடந்தவர்கள். அவர் லாரி ஓட்டப் பழகி, அங்கிருந்து குவைத்துக்குப் போய் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தார். அவர் அங்கே இருந்த வருஷங்களில் இவள் இங்கே சித்தாளோடு சித்தாளாகக் கல் சுமந்து ஒரு மச்சு வீடு கட்டினாள். எங்கள் தெருவில் முதலில் கரண்ட் வந்த வீடு அதுதான்.

எண்பத்தொன்றில் அவர் திரும்பி வந்தார். மற்றவர்கள் நகையும் டேப் ரெக்கார்டரும் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது அரபி வீட்டில் கேசட் வந்ததும் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய சாமான்கள். மரப்பெட்டிக்குள் அடைத்த, பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற ஸ்டீரியோ ரிசீவர், இசைத்தட்டுப் போடுகிற ரெக்கார்ட் பிளேயர், இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு. அரியலூர் ஸ்டேஷனில் இறக்கி, பஸ் கூரையில் ஏற்ற மனசு வராமல், மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிவருவதுபோலக் கொண்டுவந்து சேர்த்தார்.

தட்டைப் போட்டதும் பாட்டுக்கு முன்னால் ஓர் உறுமல் வந்தது. பாட்டு வந்த பிறகும் அடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு அதுவே அதிசயம். அவருக்கு மட்டும் முகம் செத்துப்போனது.

“இது இல்ல ராசாத்தி. அங்க ஊசிய எறக்குனா பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு சத்தம் இருக்காது பாரு, அதக் கேக்கணும். ஊரே அடங்கிப்போன மாதிரி இருக்கும். அதுக்குத்தான் இதத் தூக்கிட்டு வந்தேன்” என்றார்.

அரியலூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அரங்கநாதனைக் கூட்டிவந்தார். அவர் பெட்டியைத் திருப்பினார். ரெக்கார்ட் பிளேயரின் பின்னாலிருந்து நூல்போல ஒரு மெல்லிய ஒயர் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ரிசீவரின் முதுகில் இருந்த ஒரு திருகாணியில் மாட்டி முறுக்கினார், உறுமல் பாதி அடங்கியது. பிறகு வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டச் சொல்லி, இரும்புக் குழாய் ஒன்றை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, அதே திருகாணியிலிருந்து அந்தக் குழாய்க்கு ஒரு தடித்த ஒயரை இழுத்துக் கட்டினார். எர்த் குழி என்றார். ஒரு குடம் தண்ணீரை அதில் ஊற்றியதும் உறுமல் போன இடம் தெரியவில்லை.

போகும்போது அவர் கொளஞ்சியைக் கூப்பிட்டுச் சொன்னதை நானும் கேட்டேன்.

“நீங்க கேட்டுக்குங்கம்மா. பெட்டி பழசு. உள்ள இருக்கற டிரான்ஸ்பார்மர்ல கரண்டு கொஞ்சம் கசியுது. அது இந்த ஒயர் வழியா மண்ணுக்குப் போயிடும். குழி காஞ்சாலும், ஒயரு அந்துபோனாலும், போறதுக்கு வழியில்லாம பெட்டி இரும்புலயே நிக்கும். அப்ப தொட்டா உசுரு தங்காது. அந்த மாதிரி எதுனா ஆனா, மொதல்ல பிளக்கப் புடுங்கிட்டுத்தான் கை வைக்கணும்.”

“அந்தக் கசியற சாமான மாத்திப்புடக் கூடாதுங்களா?”

“மெட்ராசுல தேடிப் பாக்கறேன். அதுவரைக்கும் சாயங்காலம் ஒரு கொடம் ஊத்திட்டு வாங்க.”

வைத்திலிங்கம் இதில் பாதியைத்தான் காதில் வாங்கினார். தண்ணீர் ஊற்றினால் உறுமாது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கொளஞ்சி மட்டும் மீதியை மனசில் வைத்துக்கொண்டு, சாமி காரியம்போல நாள் தவறாமல் ஒரு குடம் ஊற்றிவந்தாள்.

அதற்கப்புறம் மழை பொய்த்தது. அடுத்த பருவமும் ஏமாற்றியது. எங்கள் சுண்ணாம்புக்கல் பூமியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, தரை வெள்ளையாக வெடித்துக் கிடந்தது. கிணறுகளில் சேறுகூட இல்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்க் கொல்லைக் கிணற்றுக்கு நடந்தோம். கொளஞ்சியும் நடந்தாள். இடுப்புக் குடம் வீட்டுக்கு, தலைக் குடம் குழிக்கு. எல்லார் கண்ணும் அந்தத் தலைக் குடத்தின் மேலேயே இருந்தது.

எதிர்வீட்டு முத்தாயிதான் வாயைத் திறந்தாள். மாரியம்மன் திருவிழாவில் அருள் வந்து ஆடுகிறவள் என்பதால் அவள் பேச்சுக்குத் தெருவில் மதிப்பு அதிகம்.

“ஏண்டி கொளஞ்சி, எங்கவூட்டுப் புள்ளைவோ நாக்கு வறண்டு கெடக்குதுவோ. நீ பாட்டுப்பொட்டிக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கியா? ஒனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?”

அன்றைக்குக் கொளஞ்சி அந்தக் குடத்தை முத்தாயி வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள். அதோடு குழிக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

குழி காய்ந்தது. உறுமல் திரும்பியது. ஒருநாள் ரெக்கார்ட் பிளேயரைத் துடைக்கும்போது ஊசி இருக்கிற இரும்புக் கை அவள் முழங்கையில் இடித்து, சுரீரென்று தோள்வரை இழுத்துப்போட்டது. அவள் பயந்துபோய்ப் புருஷனிடம் சொன்னாள். அவருக்கு அவளுடைய முழங்கையைவிட அந்த உறுமல்தான் பெரிதாகப் பட்டது.

அந்த நேரத்தில்தான் சர்க்கார் லாரி வந்து எங்கள் தெருவில் போர் போட்டது. பாறையைக் குடைந்து வெகு ஆழத்துக்குப் போய்த் தண்ணீரைத் தொட்டார்கள். வைத்திலிங்கம் வீட்டு முன்சுவருக்கு எதிரே கைப்பம்பு நட்டார்கள். முதல் தண்ணீர் கொட்டியபோது முத்தாயி தரையில் விழுந்து கும்பிட்டாள். அந்த இரும்புக் கைப்பிடிதான் அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு உயிர்.

வைத்திலிங்கத்தின் புத்தி வேறு பக்கம் போயிற்று. பம்புக் குழாய் தண்ணீர்வரை இறங்கி நிற்கிறது, அது ஒருநாளும் காயாது, அதைவிட நல்ல எர்த் எங்கே கிடைக்கும்? பின்பக்கக் குழாயிலிருந்து ஒயரை அவிழ்த்தார். ஜன்னல் வழியாக வெளியே இழுத்து, முன்சுவரோடு ஆணி அடித்து ஓட்டி, மண்ணுக்கடியில் பதித்து, பம்பின் அடிப்போல்ட்டில் சுற்றி முறுக்கிவிட்டார். கெட்டிக்காரத்தனம் என்று அவருக்கு நினைப்பு. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஊசியை இறக்கினார். துளிச் சத்தமில்லை. நான்கூட, “பரவாயில்லண்ணே, சாதிச்சிப்புட்டீங்க” என்றேன்.

பம்பு கடிக்கிறது என்று முதலில் சொன்னவை குழந்தைகள். பிள்ளைகள் பேச்சை யார் கேட்டார்கள்? பிறகு முத்தாயி ஈரச் சேலையோடு தண்ணீர் அடிக்கும்போது உள்ளங்கையில் தொடங்கி அக்குள்வரை கிடுகிடுவென்று ஆடியது. அவள் கைப்பிடியை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“ஆத்தா வந்துட்டா. பாதாளத்துலேருந்து தண்ணியோட ஏறி வந்துட்டாடி” என்றாள்.

பம்புக்கு மஞ்சள் துணி சுற்றினார்கள், வேப்பிலை செருகினார்கள், குங்குமம் வைத்தார்கள். அம்மன் எப்போதும் இருப்பதில்லை, சாயங்காலம்தான் இறங்குகிறாள் என்று கண்டுபிடித்தார்கள். பகலில் தண்ணீர் அடித்துவிட்டுச் சாயங்காலம் ஈரத்தோடு வந்து கைப்பிடியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சேதி பரவி ஊர்த்தெருக்காரர்கள்கூட வந்தார்கள். எங்கள் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள், எங்கள் பம்புக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்கள். வைத்திலிங்கம் வாசலில் நின்று அவர்களுக்கு வழிவிடுவார். எந்த வயலில் அவருடைய அப்பா குனிந்து கிடந்தாரோ அந்த வயல்காரர், “வைத்திலிங்கம், ஒன் வூட்டு வாசல்ல ஆத்தா நிக்கிறாப்பா. குடுத்து வச்சவன்” என்று சொன்ன அன்றைக்கு அவர் சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு பூரிப்பு.

கொளஞ்சிக்கு மட்டும் அம்மன் தெரியவில்லை. தினமும் தண்ணீர் அடித்தாள், தடித்த உள்ளங்கையில் ஒன்றும் ஏறவில்லை. பாவம் செய்தவளுக்கு எப்படித் தெரியும் என்று பேசினார்கள். ஒரு சாயங்காலம் குடத்தைத் தூக்கும்போது அவளுடைய நனைந்த முழங்கை கைப்பிடியில் பட்டது. சுரீரென்றது. அது அவளுக்குத் தெரிந்த கடி. நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள், ஜன்னலுக்குள் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டு முடியும்வரை குடத்தோடு அங்கேயே நின்றாள். அவர் பெட்டியை அணைத்ததும் முழங்கையை மறுபடி வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

உள்ளே போய்ச் சொன்னாள். அவர் பெட்டியைப் போட்டுவிட்டு, குவைத்தில் வாங்கிய தடித்த ரப்பர் செருப்போடு வந்து பம்பைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

“தெருவே கும்புடுது. ஒனக்கு மட்டும் கரண்டா?”

“செருப்பக் கழட்டிட்டுப் புடிங்க. ஏங்க, புள்ளைவோ தண்ணி அடிக்கிற எடங்க. ஒயர அவுத்துடுங்க.”

“அவுத்துட்டு? ஆத்தா நேத்தோட போயிட்டான்னு ஊர்த்தெருக்காரன்கிட்டச் சொல்லவா? சிரிக்க மாட்டான்?”

அவருக்கே உள்ளுக்குள் தெரிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். தெரிந்த பிறகு விடுவதுதான் கஷ்டம்.

கொளஞ்சி பஸ் ஏறி அரியலூர் போனாள். அரங்கநாதன் கேட்டதும் கடையைவிட்டு எழுந்துவிட்டார். “பம்புலயா கட்டினாரு? பாறைக்குள்ள நிக்கிற கொழாய், கசியறது முழுசா மண்ணுக்குப் போகாது. இப்பவே லேசா கடிக்குதுன்னா கசிவு ஏறிப்போச்சுன்னு அர்த்தம். பெட்டியப் போடவே கூடாது. நான் சனிக்கெழம வந்து தூக்கிட்டு வந்துடறேன்” என்றார். இடையில் வெள்ளிக்கிழமை இருந்தது. அது ஆடி வெள்ளி. பம்பு அம்மனுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கூழ் வார்ப்பதாக முத்தாயி சொல்லியிருந்தாள், பாட்டு வைத்திலிங்கம் பொறுப்பு.

“வெள்ளிக்கெழம ஒருநா மட்டுந்தாண்டி. மறுநா அவரு தூக்கிட்டுப் போவட்டும்” என்றார் அவர். அவள் அழுதாள், சாப்பாடு வைக்காமல் கிடந்தாள், என்னையும் அழைத்துப்போய்ச் சொல்லச் சொன்னாள். நான் சொன்னேன். “பால்வாடிக்குப் போயி ‘அ’னா ‘ஆ’வன்னா சொல்லிக்குடு, போ” என்று அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் தெரு நிறைந்துவிட்டது. ஸ்பீக்கரை ஜன்னலில் தெருப் பார்க்க வைத்து, பெரிய தட்டாகப் பார்த்துச் சாமி பாட்டைப் போட்டு, பிள்ளைகள் ஊசியில் கைவைக்காமல் இருக்க அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வைத்திலிங்கம் இறங்கி வந்தார். அன்றைக்குச் செருப்பு இல்லை. வேட்டியை ஈரமாக்கிக் கட்டி, மாலை போட்டுக்கொண்டு பம்புக்குப் பக்கத்தில் நின்றார். பிளக் பூட்டிய அறைக்குள். மெயின் ஸ்விட்சும் அதற்குள்ளேதான். கொளஞ்சி கூட்டத்தில் புகுந்து அவரிடம் சாவி கேட்டதை நான் பார்த்தேன். அவர் இவள் பக்கமே திரும்பவில்லை.

பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைப் பம்பின் மேல் கொட்டினார்கள். தரை சொதசொதவென்று ஆயிற்று. முத்தாயி தலைவிரி கோலமாக வந்து இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்தவள் விறைத்துப்போனாள். பல் கிட்டிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. கூட்டம் குலவையிட்டது. இவ்வளவு பெரிய அருளை யாரும் பார்த்ததில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் கையை விடப் பார்த்து விடமுடியாமல் நின்றாள் என்பது எனக்கே ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. அவளைத் தொட்டுக் கும்பிட இன்னும் நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு போனார்கள்.

கொளஞ்சி என் கூரைவீட்டு எரவானத்திலிருந்து கதிர் அரிவாளை உருவினாள். மரப்பிடியை முந்தானையில் சுற்றிப் பிடித்து, சுவரோடு ஓடிய ஒயரை ஒரே வெட்டாக வெட்டினாள். பெட்டி பூட்டிய அறைக்குள் இருக்கிறது, யாரும் தொட முடியாது, அதற்குள் சாவியை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாளாம். என்னிடம் பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் அவ்வளவு யோசித்ததே பெரிது.

முத்தாயியின் கை விட்டது. அவள் சேற்றில் விழுந்தாள். அதே நொடியில் சாமி பாட்டை மூடிக்கொண்டு ஸ்பீக்கரிலிருந்து அந்த உறுமல் கிளம்பியது. பழைய உறுமல் இல்லை, சுவர் அதிர்ந்தது, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். கூட்டம் மிரண்டு சிதறியது. ஊர்த்தெருக்காரர்கள் முன்னால் தன் பெட்டி இப்படி அலறுகிறதே என்று வைத்திலிங்கம் வீட்டுக்குள் ஓடினார். ஈர வேட்டி, வெறுங்கால். கொளஞ்சி பின்னாலேயே ஓடினாள். வாயை அகலத் திறந்து அவள் கத்தியதை நான் பார்த்தேன். “தொடாதீங்க” என்று கத்தினாளாம். பக்கத்தில் நின்ற என் காதிலேயே விழவில்லை, அந்த உறுமல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

அவர் பூட்டைத் திறந்து, பாட்டை நிறுத்த ஊசியின் இரும்புக் கையைப் பிடித்துத் தூக்கினார். ரிசீவரில் நின்ற கரண்டை, அரங்கநாதன் மாட்டிய அந்த நூல் ஒயர் ரெக்கார்ட் பிளேயருக்குக் கொண்டுவந்து வைத்திருந்தது. நான் வாசற்படி ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. கொளஞ்சி பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். உறுமல் நின்று, அவர் ஆசைப்பட்ட அமைதி அறை முழுக்க இருந்தது.

அரங்கநாதன் மறுநாள் வந்து எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார். யாருக்கு வேண்டும் அது? கரண்டைக் கும்பிட்டோம் என்று ஒப்புக்கொள்வதைவிட, ஆத்தாளின் கழுத்தில் இவள் அரிவாளைப் போட்டாள், ஆத்தாள் இவள் தாலியை எடுத்துக்கொண்டாள் என்பது சுலபமாக இருந்தது. முத்தாயியின் இரண்டு உள்ளங்கையிலும் கருகிய தழும்பு விழுந்தது. ஆத்தாள் வைத்த முத்திரை என்று இன்றைக்கும் விரித்துக் காட்டுகிறாள். எனக்கு அந்தக் கையைப் பார்த்தால் ஆத்திரமாக வரும். அந்தக் கை இன்னும் அசைகிறதே, அது யார் போட்ட பிச்சை?

பம்பைத் தொட எல்லாருக்கும் பயம். தெரு மறுபடி அடுத்த ஊர்க் கொல்லைக்கு நடந்தது. கருமாதி முடிந்த மறுநாள் கொளஞ்சி வெறும் நெற்றியோடு, குடத்தோடு வெளியே வந்தாள். எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். வேப்பிலையை ஒதுக்கிவிட்டு, முழங்கையை முதலில் கைப்பிடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு குடம் நிறைய அடித்தாள். குடம் நிறைந்ததைப் பார்த்தபின் ஒவ்வொருத்தியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். முத்தாயியும் வந்தாள்.

அந்த முதல் குடத்தைக் கொளஞ்சி வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. பின்பக்கம் போய் எர்த் குழியில் ஊற்றினாள். பெட்டியை அரங்கநாதன் கொண்டுபோய்விட்டார், குழாயில் ஒயர்கூட இல்லை. இருந்தும் அன்றிலிருந்து சாயங்காலமானால் ஒரு குடம் அங்கே ஊற்றுகிறாள். மூளை பிசகிவிட்டது என்று தெருவில் இதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

“ஏன்க்கா, இனிமே எதுக்கு இது?” என்று ஒருநாள் கேட்டேன்.

குடத்தைக் கவிழ்த்தபடியே சொன்னாள்: “நான் இத ஊத்திக்கிட்டே இருந்திருந்தா அவரு பம்புக்குப் போயிருக்க மாட்டாருடி. ஒரு கொடந்தானே.”

மண் அதைச் சத்தமில்லாமல் குடித்தது. அவள் குடத்தை அலசி வைத்துவிட்டு, அடுப்புப் பற்றவைக்க உள்ளே போனாள்.